பார்த்துக்கொண்டிருத்தல்

பிரக்ஞை, விழிப்பு, அறிதல் ஆகிய சொற்களை நம் வட்டத்தில் வெகுகாலமாகப் புழங்கி வருகிறோம். ஒரு கவிதையைப் பாராட்டவும் ஒரு மனிதரை நிராகரிக்கவும் இவை நமக்குப் போதுமானவையாக இருந்திருக்கின்றன. அறிந்திருப்பது அறியாதிருப்பதைவிட மேலானது என்பதை நாம் நிரூபிக்க முயன்றதில்லை. நிரூபணம் வேண்டாத விஷயம் என்ற பாவனையிலேயே எழுதி வந்திருக்கிறோம். நானும் அப்படித்தான் எழுதினேன். அப்பாவின் ரத்தத்திலுள்ள ஒரு புரதத்தின் அளவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெரிந்துகொள்ள நேர்ந்த இந்தச் சில வருஷங்களில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப் பார்க்கிறேன். அப்பாவின் நோய்க்கு அனுதாபம் கோரும் உத்தேசம் இல்லை. அவருக்கு அது பிடிக்கவும் பிடிக்காது.

விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016இல், அவருடைய 69ஆவது வயதில், புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்து சுரப்பியை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். பி.எஸ்.ஏ. என்பது அந்தச் சுரப்பியின் செல்கள் உண்டாக்கும் புரதம். விந்து இறுகிவிடாமல் நீர்த்திருக்கச் செய்வது அதன் வேலை. கொஞ்சம் ரத்தத்திலும் கசியும். சுரப்பியையே எடுத்துவிட்ட பிறகு ரத்தத்தில் மிஞ்சியிருப்பது இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வந்து, சில வாரங்களில் கருவியால் அளக்க முடியாத நிலைக்குப் போய்விட வேண்டும். அப்பாவுக்கும் போயிற்று. மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமுக்குக் கீழே என்று நாலு வருஷம் வந்துகொண்டிருந்தது. 2020இல் 0.2 என்று வந்தது. மறுபடி எடுத்துப் பார்த்தபோதும் குறையவில்லை. அறுவைக்குப் பின் இப்படி இரண்டு தடவை வந்தால் நோய் திரும்பியிருப்பதாகக் கொள்வது மருத்துவர்களின் வழக்கம். சுரப்பி இருந்த இடத்துக்கு 33 தடவை கதிர்வீச்சு கொடுத்தார்கள். திருச்சியில் என் வீட்டில் தங்கி எடுத்துக்கொண்டு, முடிந்த மறுநாளே பட்டுக்கோட்டைப் பக்கத்திலுள்ள ஊருக்குத் திரும்பிவிட்டார். அளவு மீண்டும் இறங்கியது. 2021 செப்டம்பரில் மறுபடி 0.2. 2022 நவம்பரில் 0.4. 2023 டிசம்பரில் 0.8. இடையிலிருந்த எண்களை விட்டுவிடுகிறேன்.

இந்தக் காலம் முழுவதிலும் அப்பாவின் உடம்பில் நோவு என்று ஒன்றும் கிடையாது. நம் மொழியில் நோய் என்ற சொல்லே நோதலிலிருந்து பிறந்தது. நோகிறவனுக்கு நோய், அவன் சொல்லித்தான் பிறருக்குத் தெரியும். இங்கே வரிசை தலைகீழாகிவிட்டது. சொந்தக்காரருக்கு எதுவும் தெரியவில்லை, சோதனைச்சாலைக்குத் தெரிகிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறுவைக்குப் பின் இந்த எண் ஏறிய 304 பேரை, நோய் வேறிடத்துக்குப் பரவும்வரை மருந்து கொடுக்காமலே கவனித்து வந்திருக்கிறார்கள். எண் ஏறத் தொடங்கியதிலிருந்து பரவல் தெரிவதற்கு ஆன காலத்தின் நடுமதிப்பு 8 வருஷம். அதிலிருந்து மரணத்துக்கு இன்னும் 5 வருஷம். கதிர்வீச்சும் வாங்கிக்கொண்ட அப்பாவின் கதை அதில் அப்படியே பொருந்தாது. ஆனாலும் விஷயம் விளங்குகிறது. உடம்பில் ஒன்று நடப்பதற்குப் பல வருஷங்கள் முன்னதாகவே அதைப் பற்றிய தகவல் வந்துவிடுகிறது. தகவலுக்கும் நிகழ்ச்சிக்கும் இடையில் கிடக்கும் இந்த நீண்ட காலம் யாருடையது, அதில் என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் எந்த மரபும் இல்லை. சாகக் கிடப்பவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். போர்செட்டுக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வருகிறவரிடம் எப்படி நடந்துகொள்வது?

உடனே ஏன் மருந்து கொடுக்கக்கூடாது என்று கேட்கலாம். ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்தப் புற்றுநோய் ஒடுங்கும் என்பதைச் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1941இலேயே காட்டிவிட்டார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றைக்குப் போடும் ஊசியின் அடிப்படையும் அதுதான். ஆனால் ஊசி சும்மா விடுவதில்லை. எலும்பு பலம் குறையும்; தசை கரையும்; உடம்பில் திடீர்திடீரென்று சூடு பரவி வேர்க்கும்; அசதி வரும். நோகாத மனிதரை நோகச் செய்துவிட்டு அதைச் சிகிச்சை என்று சொல்ல வேண்டிவரும். எனவே எண் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு காலத்தில் இரட்டிக்கிறது என்பதைத்தான் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ஒன்பது மாதத்திலோ அதற்குள்ளோ இரட்டித்தவர்களுக்கு அப்போதே மருந்து தொடங்கினால் பரவல் தள்ளிப்போகிறது என்று 2023இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. அப்பாவுக்கு அதுவரை பதின்மூன்று, பதினான்கு மாதம் ஆகிக்கொண்டிருந்தது. ‘இப்போதைக்குப் பார்த்துக்கொண்டிருப்போம்’ என்றார் மருத்துவர். சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்த வாக்கியம்தான் எனக்குள் தங்கிவிட்டது. தமிழில் பார்த்துக்கொள்வது என்று ஒன்று இருக்கிறது. பார்த்துக்கொண்டிருப்பது என்று ஒன்று இருக்கிறது. ‘அப்பாவைப் பார்த்துக்கொள்’ என்று ஊரில் பெரியவர்கள் சொன்னால், அவருக்குக் கஞ்சி, கட்டில், மருந்து, பேச்சு எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு. ‘பார்த்துக்கொண்டிருந்தான்’ என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால் அது பெரும்பாலும் வசவு. வீடு எரியும்போது பார்த்துக்கொண்டிருந்தான். நாலு பேர் அடிக்கும்போது பார்த்துக்கொண்டிருந்தான். முதலாவதில் கை இருக்கிறது. இரண்டாவதில் கண் மட்டும். கண்ணால் மட்டும் பார்ப்பதை நான் கையால் செய்யும் காரியமாக எண்ணிக்கொண்டேன். இரட்டிப்புக் கணக்குப் போட்டேன். கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்து, அது 2030இல் எங்கே போய் முட்டும் என்று பார்த்தேன். அப்பா ஊரிலிருந்து பேசும்போது அவர் சொல்வதைக் கேட்காமல் குரலைக் கேட்டேன்: இளைத்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா. முதுகு வலிக்கிறது என்று ஒருநாள் சொன்னார். அந்த நோய் முதுகெலும்பில் இறங்கும் என்று படித்திருந்த எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் கேட்டால், மட்டை சுமந்தாராம். மகனுக்கும் தகப்பனுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தது ஒரு வகைக் காவல் வேலை என்பதும், காவல் காக்கப்படுகிறவருக்கு அது தெரியாது என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

காவல் எப்படி என் கைக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதில் துரோகமோ திட்டமோ கிடையாது. சோதனைச்சாலையில் பில் போடும் பெண் செல்போன் நம்பர் கேட்டாள். என் நம்பரைச் சொன்னேன். அவ்வளவுதான். ரத்தம் அவருடையது, குத்திய வலி அவருடையது, பஸ் ஏறிப் பட்டுக்கோட்டைக்குப் போய் வருவது அவர், முடிவு எனக்கு வரும். முதல் இரண்டு வருஷம் வந்தவுடன் போன் செய்து சொன்னேன். பிறகு ‘பரவாயில்லைப்பா, கொஞ்சம் ஏறியிருக்கு’ என்று சொல்லத் தொடங்கினேன். பிறகு ‘அப்படியேதான் இருக்கு’ என்றேன். ஒரு மனிதரைப் பற்றிய அறிவு அவரிடமிருந்து பெயர்ந்து இன்னொருவரிடம் போய்ச் சேர்வதற்குப் பெரிய சூழ்ச்சி எதுவும் தேவைப்படுவதில்லை. அன்பும் ஒரு செல்போன் நம்பரும் போதும்.

2024 ஜூனில் 1.2 என்று வந்தது. கணக்குப் போட்டேன். பத்து மாதம். வேகம் கூடியிருந்தது, ஒன்பதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மருத்துவரைப் பார்க்க முன்கூட்டியே தேதி வாங்கினேன். ஐந்து வாரம் கழித்துக் கிடைத்தது. அதுவரை சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒரு எண்ணை வைத்து அவரை ஏன் கலவரப்படுத்த வேண்டும், மருத்துவர் சொன்ன பிறகு தெளிவாகச் சொல்லலாம் என்பது என் வாதம். நல்ல வாதம்தான். யாரிடம் சொன்னாலும் ஒப்புக்கொள்வார்கள்.

அந்த ஐந்து வாரத்துக்குள் அப்பா ஒருநாள் போன் செய்தார். 2018 நவம்பரில் வந்த கஜா புயலில் எங்கள் பக்கத்தில் தென்னை தரைமட்டமானதை நீங்கள் படித்திருப்பீர்கள். எங்களுக்கும் பாதித் தோப்பு போயிற்று. மறு வருஷம் அப்பா ஒரு பகுதியில் கன்று வைத்தார். இன்னொரு பகுதி தண்ணீர் வசதியில்லாமல் வெறுமனே கிடந்தது. வங்கியில் போட்டிருக்கும் பணத்தை எடுத்து அங்கே போர் போட்டு, ஆடிப் பதினெட்டுக்குள் அறுபது கன்று வைத்துவிடலாமா என்று கேட்டார். நெட்டை ரகம். காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். ‘என்னப்பா சொல்ற?’ என்றார். அப்பா என்னிடம் யோசனை கேட்பது அபூர்வம். ‘செய்யுங்கப்பா’ என்றேன்.

செய்தார். குழி வெட்டி, மணலும் எருவும் போட்டு, கன்று வைத்து, நிழலுக்கு ஓலை குத்தினார்.

மருத்துவர் ஒரு எண்ணை வைத்து வேகம் கூடியதாகச் சொல்ல முடியாது, செப்டம்பரில் மீண்டும் எடுங்கள் என்றார். ஒரு ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் என்றபோது சொல்லாமல் தீரவில்லை. தோப்பில் வைத்துத்தான் சொன்னேன். எண்ணைச் சொன்னேன், எப்போது வந்தது என்பதையும் சொன்னேன். அப்பா எண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விரலை மடக்கி நாள் கணக்குப் பார்த்தார்.

‘நான் போன் பண்ணுனப்ப ஒனக்குத் தெரியும்.’

‘தெரியும்ப்பா.’

‘தெரிஞ்சுக்கிட்டு, தெரியாத ஆளுமாரி யோசனை சொல்லியிருக்க.’

கோபமாகத்தான் சொன்னார். வருத்தம் என்று அதைத் திரித்து எழுத எனக்கு மனமில்லை. சிறிது நேரம் கழித்து, ‘அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்கு வேணுமா, தோப்புக்கு வேணுமான்னு பாக்கவேண்டியவன் நானில்ல?’ என்றார். அதன் பிறகு இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

இந்த இடத்தில்தான் என் வாதத்தின் கோளாறு தெரிந்தது. உண்மையைச் சொல்லலாமா, மறைக்கலாமா என்ற விசாரத்தில் நாம் எப்போதும் உணர்ச்சியைத்தான் எடைபோடுகிறோம்: சொன்னால் உடைந்துபோவாரே, தாங்குவாரா. காந்த் 1797இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடி வருகிறவனிடம்கூடப் பொய் சொல்ல உரிமையில்லை என்கிறார். அந்தக் கறார்த்தனம் நமக்குச் செரிப்பதில்லை. உடனே வள்ளுவரைத் துணைக்கு அழைக்கிறோம்: வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் உண்மையின் இடத்தைப் பெறும் என்கிறார் அல்லவா? என் ஐந்து வாரத்துக்கு நானும் மனசுக்குள் அதையே மேற்கோள் காட்டிக்கொண்டேன். ஆனால் நன்மைக்கு அவர் போட்டிருக்கும் நிபந்தனையைத் தாண்டிப் போய்விடுகிறோம். குற்றமற்ற நன்மை. யாருக்கு? எண்ணைச் சொன்ன பிறகு அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்ற சங்கடத்திலிருந்து ஐந்து வாரம் தப்பித்தவன் நான். அவருக்குக் கிடைத்ததாக நான் எண்ணிய நிம்மதியை அவர் என்னிடம் கேட்கவில்லை. அந்த நிம்மதியில் இருந்துகொண்டு அவர் செய்த காரியம், கணக்கில் ஒரு வரியை நான் மறைத்து வைத்திருந்ததால், அவருடைய முடிவாக இல்லாமல் போயிற்று. போரும் கன்றும் தப்பான முடிவுகள் என்பதில்லை. தெரிந்திருந்தாலும் அதையே செய்திருப்பாரோ என்னவோ. அதைச் செய்யும் சந்தர்ப்பம் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம். பொய், அவர் மனதைக் காப்பாற்றுவதுபோல வந்து அவர் காலத்தைத் திருடிக்கொண்டது.

டால்ஸ்டாயின் இவான் இலியிச்சை நம்மில் பலர் படித்திருக்கிறோம். சாகிறவனை மிகவும் வதைப்பது சுற்றியிருப்பவர்களின் பொய் என்பது அதில் வருகிறது. வேலைக்காரன் கெராசிம் ஒருவன்தான் பொய் சொல்வதில்லை. அவனிடம்தான் இலியிச்சுக்கு ஆறுதல். ஆனால் இலியிச்சுக்கு வலி இருந்தது. மற்றவர்கள் சொல்வது பொய் என்பதை அவன் உடம்பு அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 1886இல் வெளிவந்த அந்தக் கதையில் நோயாளிக்குத் தெரிந்ததைத்தான் மற்றவர்கள் மறைக்கிறார்கள். நம் காலத்து நிலைமை வேறு. மறைப்பவனிடம் மட்டுமே தகவல் இருக்கிறது. நோயாளியின் உடம்பு அவருக்குச் சாட்சி சொல்வதில்லை. எனவே இன்றைய பொய் முழுமையானது. டால்ஸ்டாயின் பாத்திரங்களுக்கு வாய்க்காத சௌகரியம் எனக்கு வாய்த்திருந்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் வந்தவுடன் சொல்லிவிடுவதுதான் அறமா? இந்த இடத்தில் காந்தை முழுக்க ஏற்கவும் எனக்கு முடியவில்லை. 1.2 என்பது உண்மையா? ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இருந்த புரதத்தின் அளவு. அந்த மட்டில் உண்மை. அதை நான் நடுங்கும் குரலில் சொல்லியிருந்தால் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கக்கூடியது புரதத்தின் அளவு அல்ல, என் பயம். செப்டம்பரில் எடுத்தபோது 1.3 என்று வந்தது. மூன்று வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரட்டிப்புக்கு மறுபடியும் பதின்மூன்று மாதம். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது என்றும் மருத்துவர் சொன்னார். ஜூனில் நான் கண்டுபிடித்த வேகம், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நான் இழுத்த கோடுதான். இந்த வகைப் புரதத்தை 1970இல் முதலில் விவரித்தவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆப்லின், 2010இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில், நோயில்லாதவர்களையெல்லாம் இதை வைத்துச் சல்லடை போட்டது பெருங்கேடாக முடிந்தது என்று எழுதினார். சிகிச்சைக்குப் பின் கண்காணிக்க இது உதவும் என்பதை அவர் மறுக்கவில்லை; அமெரிக்க அரசு 1986இல் இதற்கு முதலில் அனுமதி கொடுத்ததும் அந்தக் காரியத்துக்குத்தான். நான் சொல்ல வருவது வேறு. ஒரு எண் தன்னளவில் எதையும் சொல்வதில்லை. யார் கையில் இருக்கிறது, அதைக்கொண்டு என்ன முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்பதிலிருந்துதான் அதற்கு அர்த்தம் உண்டாகிறது. என் கையில் இருந்தபோது அதற்குப் பயத்தைத் தவிர வேறு அர்த்தம் கிடைக்க வழியில்லை. ஏனென்றால் நான் எடுக்க வேண்டிய முடிவு எதுவும் அதில் இல்லை.

மூன்றாவது நாள் அப்பா பேசினார். சோதனைச்சாலையில் தன் நம்பரைக் கொடுத்துவிடச் சொன்னார். கொடுத்தேன். இப்போது முடிவு அவருக்கு வருகிறது. ஆங்கிலம் அவருக்கு ஓடாது, எண் ஓடும். தேங்காய் வெட்டுக் கணக்கு எழுதும் நோட்டில், வெட்டு நாள், காய் எண்ணிக்கை, கூலி இவற்றுக்குக் கீழே தேதி போட்டு அதையும் எழுதி வைத்திருக்கிறார். நோட்டை நான் பார்த்தேன். கோடு எதுவும் இழுத்திருக்கவில்லை. என்னிடம் அவர் வைத்திருக்கும் ஒப்பந்தம் எளிமையானது: தானாக நான் கேட்கக்கூடாது, அவர் கேட்டால் தெரிந்ததை முழுக்கச் சொல்ல வேண்டும், ஊசி போடும் நிலை வந்தால் போடுவதா வேண்டாமா என்பதை அவர் சொல்வார், வண்டி ஏற்பாடு நான் செய்ய வேண்டும்.

பார்த்துக்கொண்டிருப்பதிலிருந்து பார்த்துக்கொள்வதற்கு நான் வந்துவிட்டேன் என்று இதை முடித்தால் படிக்க நன்றாக இருக்கும். உண்மையாக இராது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையிலிருந்து எழுந்திருக்க அப்பா தூணைப் பிடித்தார். என் கண் உடனே இடுப்புக்குப் போயிற்று. அவருக்கு வயது எழுபது தாண்டி எத்தனையோ வருஷமாயிற்று. தூணைப் பிடிக்காமல் யார் எழுந்திருப்பார்கள்? நான் எங்கே பார்க்கிறேன் என்பதை அவர் கவனித்துவிட்டார். ‘வா, கன்னுக்குத் தண்ணி விடணும்’ என்றார். குழாயை இழுத்துப் போனேன்.

விழிப்பு என்ற சொல்லை இனிமேல் எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கை தயங்கும் என்று நினைக்கிறேன். விழித்திருப்பது நல்லதுதான். ஆனால் இன்னொருவரின் வாழ்வை விழித்திருந்து பார்ப்பவனுக்கு, தன்னிடம் சேர்ந்திருக்கும் அறிவு தன்னுடையதா என்று கேட்டுக்கொள்ளும் கடமையும் இருக்கிறது. நம் கதைகளிலும் கவிதைகளிலும் நாம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள் எத்தனை பேர். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியுமா என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

இந்தக் கட்டுரையிலுள்ள எண்களை அப்பாவைக் கேட்டுத்தான் எழுதினேன். ‘பழசு எழுது’ என்றார். இப்போதைய எண் இங்கே இல்லை. அது நோட்டில் இருக்கிறது.